பலாப்பழத்துக்கு எத்தனை பைட்?

கடலூரில் பஸ் ஏறிப் புதுச்சேரிக்கு வேலைக்குப் போகிற கூட்டத்தில் நானும் ஒருவன். பக்கத்து சீட்டில் வரும் தம்பி ஆறு மாதமாக ரஸ்ட் என்ற நிரல்மொழி படிக்கிறார். போன வாரம் ஆல்பேட்டையில் பெண்ணையாற்றுப் பாலம் தாண்டியதும் மடியில் லேப்டாப்பைத் திறந்தார்.

"அண்ணா, வெறும் ரெஃபரன்ஸ்தானே வாங்குறேன்? இதுக்குப் போய் சைஸ் தெரியலன்னு கம்பைலர் ஒத்தக் கால்ல நிக்குது."

எழுதியிருந்தது நாலே வரி. எதைக் கொடுத்தாலும் திரையில் அச்சிட்டுக் காட்டும் ஒரு ஜெனரிக் ஃபங்ஷன். என்ன டைப், அதாவது என்ன வகைத் தரவு, வரும் என்று முன்கூட்டிச் சொல்லாமல் அதற்கு 'டி' என்று பெயர். அந்த டி-யின் ரெஃபரன்ஸ் ஒன்று, அதாவது அது இருக்கும் இடத்தைச் சுட்டும் முகவரி, உள்ளே வரும், அவ்வளவுதான். ஒரு எண்ணின் ரெஃபரன்ஸைக் கொடுத்தார், ஓடியது. "கடலூர்" என்ற சொல்லைக் கொடுத்தார், நின்றுவிட்டது. ரஸ்ட் பக்கம் தலைவைத்துப் படுத்தவர்கள் பலரும் பார்த்திருக்கும் பிழைதான், எண் இ0277. 'எஸ்டிஆர்' டைப்பின் (ரஸ்ட்டில் எழுத்துச் சரத்துக்கான டைப்) அளவைக் கம்பைல் செய்யும்போது, அதாவது நிரலைக் கணினியின் மொழிக்கு மாற்றும்போது, அறிய முடியாது என்கிறது.

அது சொல்வது உண்மை. கடலூர் என்பது நமக்கு நான்கு எழுத்து. யூனிகோடு கணக்கில் ஆறு குறி, ஏனென்றால் லூ-வில் கால் தனி, ர்-இல் புள்ளி தனி. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட், ஆக 18. புதுச்சேரி ஐந்து எழுத்து, பத்துக் குறி, 30 பைட். இரண்டுமே எஸ்டிஆர். அந்த டைப்புக்கு அளவு என்னவென்று கேட்டால் 18 என்பதா, 30 என்பதா? கேள்வியே தப்பு. இந்தச் சொல்லுக்கு அளவு உண்டு; இந்த டைப்புக்குக் கிடையாது.

தம்பிக்கு நெல்லிக்குப்பம் என்பதால் பண்ருட்டி மண்டியை வைத்தே விளக்க ஆரம்பித்தேன். முந்திரிப் பருப்புக்குத் தரம் உண்டு. டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 பருப்பு. ஏற்றுமதித் தகரம் வழக்கமாக 25 பவுண்டு, அதாவது 11.34 கிலோ. தகரத்தைத் திறக்காமலே உள்ளே 7500-லிருந்து 8000 பருப்பு இருக்கும் என்று சொல்லிவிடலாம். பலா அப்படியில்லை. ஐந்து கிலோவும் உண்டு, முப்பது கிலோவும் உண்டு. பலாப்பழத்துக்கென்று அளவெடுத்து யாரும் பெட்டி அடித்து வைப்பதில்லை. தரையில் குவித்துப்போட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்துத்தான் வியாபாரம்.

கம்பைலர் ஓயாமல் பெட்டி அடித்துக்கொண்டே இருக்கும் ஆள். ஒரு ஃபங்ஷன் தொடங்கும்போது அதன் உள்ளூர் மாறிகளுக்கெல்லாம் ஸ்டாக் என்ற நினைவகப் பகுதியில் இடம் ஒதுக்க வேண்டும். முதல் மாறி இங்கே, அடுத்தது அதிலிருந்து இத்தனை பைட் தள்ளி என்று எண்ணாகவே எழுதிவிட வேண்டும். அரே என்ற வரிசைப் பட்டியலில் ஏழாவது உறுப்பு எங்கே என்றால், ஒரு உறுப்பின் அளவை வைத்துப் பெருக்க வேண்டும். ஒரு மதிப்பை இன்னொரு இடத்துக்கு நகர்த்த எத்தனை பைட் நகர்த்துவது என்று தெரிய வேண்டும். டைப் என்னவென்று தெரிந்தால் இதெல்லாம் வெறும் கணக்கு. ஜெனரிக் என்று வந்துவிட்டால், "எந்த டைப்போ, பிறகு சொல்கிறேன்" என்று எழுதுபவர் கைவிரித்துவிடுகிறார். அப்போது அந்த அளவு என்கிற எண்ணை யாராவது எங்காவது எழுதி வைத்துத்தான் ஆக வேண்டும். எங்கே எழுதுவது என்பதில்தான் மொழிக்கு மொழி சண்டை.

சி மொழியில் இந்த எண் அம்மணமாகவே நிற்கும். அதன் கியூசார்ட் என்ற வரிசைப்படுத்தும் ஃபங்ஷனுக்கு நான்கு விஷயம் கொடுக்க வேண்டும்: பட்டியல் தொடங்கும் முகவரி, எத்தனை உறுப்பு, ஒரு உறுப்பு எத்தனை பைட், இரண்டை ஒப்பிடும் ஃபங்ஷன். மூன்றாவதைக் கவனியுங்கள். டைப் என்னவென்று கியூசார்டுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அளவு மட்டும் கையில் இருந்தால் போதும், தூக்கித் தூக்கி மாற்றி வைத்துவிடும். 8 என்று கொடுக்க வேண்டிய இடத்தில் 4 என்று கொடுத்தாலும் வாயைத் திறக்காது. மற்ற மொழிகள் செய்வதெல்லாம் இந்த மூன்றாவது எண்ணை நம் கையிலிருந்து பிடுங்கி வேறு எங்கோ ஒளித்து வைப்பதுதான் என்பது என் எண்ணம்.

ஜாவா ஒளித்து வைத்த விதம் ரொம்ப எளிது. 2004-இல் ஜாவா 5-உடன் ஜெனரிக் வந்தபோது, டி-யின் இடத்தில் ஆப்ஜெக்ட் மட்டுமே வரலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆப்ஜெக்ட் எதுவானாலும் கையில் இருப்பது அதன் ரெஃபரன்ஸ்தான், எல்லா ரெஃபரன்ஸும் ஒரே அளவு. பிரச்சினை தீர்ந்தது. மண்டிப் பாஷையில் சொன்னால், எல்லாவற்றையும் குடோனில் போட்டுவிட்டு ஆளுக்கொரு சீட்டு கொடுப்பது. பலாவுக்கு அது நியாயம். ஆனால் ஒற்றை முந்திரிப் பருப்புக்கும் குடோனில் ஒரு இடம், கையில் ஒரு சீட்டு! இன்ட் என்ற 4 பைட் முழு எண், இன்டிஜர் ஆப்ஜெக்ட்டாகப் பட்டியலுக்குள் போகும்போது 64 பிட் ஹாட்ஸ்பாட்டில் (ஜாவா நிரல்களை ஓட்டும் மென்பொருள்) வழக்கமாக 16 பைட் ஆகிறது. அதைச் சுட்டும் ரெஃபரன்ஸ் தனிச் செலவு. இந்தச் செலவைக் குறைக்கத்தான் வல்ஹாலா என்ற திட்டம் வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கிறது.

இதே பாதையில் ஒகாமல் என்ற மொழி கொஞ்சம் சாமர்த்தியம் காட்டியது. அங்கே எல்லா மதிப்பும் கணினியின் ஒரு 'வேர்டு' அகலம், 64 பிட் கணினியில் 8 பைட். பாய்ன்டரா, முழு எண்ணா என்பதைக் கடைசி பிட்டை வைத்து அடையாளம் கண்டுகொள்வார்கள். அதனால்தான் 64 பிட் கணினியில் ஒகாமலின் முழு எண் 63 பிட்டோடு நின்றுவிடுகிறது. ஒரு பிட்டைக் காவு கொடுத்து, குடோன் வாடகையை மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

சி++-உம் ரஸ்ட்டும் நேர் எதிர்த் திசை. டி-யின் இடத்தில் எந்தெந்த டைப் வருகிறதோ, ஒவ்வொன்றுக்கும் அந்த ஃபங்ஷனைப் புதிதாக ஒரு நகல் எடுத்துவிடும். 320-க்கு ஒரு அச்சு, 240-க்கு ஒரு அச்சு. நகலுக்குள் போனபிறகு டி என்று எதுவுமே கிடையாது, அளவெல்லாம் எண்ணாக உறைந்துவிடும். ஓட்டத்தில் இதைவிட வேகம் கிடைப்பது கடினம். அதற்கான விலையைக் கம்பைல் நேரத்திலும் பைனரியின் பருமனிலும் கட்டுகிறோம். எங்கள் பில்டு ஓடி முடிவதற்குள் கீழே போய் டீ குடித்துவிட்டே வரலாம். இன்னொரு சங்கடமும் உண்டு. ஒரு ஜெனரிக் ஃபங்ஷன் தன்னையே, டி-யின் இடத்தில் 'டி-க்களின் பட்டியல்' என்று வைத்து அழைத்தால், பட்டியலின் பட்டியலின் பட்டியல் என்று நகல் எடுப்பது ஓயவே ஓயாது. ஜாவாவுக்கு இது ஒரு பொருட்டே இல்லை, ஒரே நகல்தானே. சி++, ரஸ்ட் இரண்டும் ஒரு வரம்பு வைத்துக்கொண்டு, அதைத் தொட்டதும் கையை உதறிவிடும். ஜிசிசி கம்பைலரில் டெம்ப்ளேட்டுகளின் (சி++-இன் ஜெனரிக்) ஆழ வரம்பு, நாம் மாற்றாதவரை, 900.

நடுவழியில் நிற்பவர்களும் இருக்கிறார்கள். சி ஷார்ப் 2005 முதல், ரெஃபரன்ஸ் டைப்புகளுக்கெல்லாம் ஒரே நகலைப் பொதுவில் வைத்து, மதிப்பு டைப்புகளுக்கு மட்டும் தனித்தனி நகல் எடுக்கிறது. 2022 மார்ச்சில் 1.18 பதிப்போடு ஜெனரிக் கொண்டுவந்த கோ மொழியும் ஏறக்குறைய அப்படித்தான். பயன்படாத நினைவகத்தைக் குப்பையாக அகற்றும் பகுதியின் கண்ணுக்கு ஒரே வடிவமாகத் தெரியும் டைப்புகளுக்கு ஒரு நகல், மீதி விவரத்துக்கு ஒரு அகராதி கூடவே போகும். ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இதுவரை சொன்னது அளவை எங்கே வைப்பது என்பது. தம்பியின் சிக்கல் அதற்கு அடுத்த படி: "இந்த ஜெனரிக்குக்குள் அளவு தெரிந்த டைப் மட்டும்தான் வரலாம்" என்கிற நிபந்தனையை யார், எப்போது சொல்வது? இதை முன்பே அனுபவித்துத் தெளிந்தது ஏடா. அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக உருவான மொழி. 1983-இன் தரநிலைக்கு மில்-எஸ்டிடி-1815ஏ என்று எண். ஏடா லவ்லேஸ் பிறந்த வருடம் 1815 என்பதால் அந்த எண். ராணுவத் தரநிலைக்குள்ளும் பிறந்தநாள் கொண்டாடியிருக்கிறார்கள்.

ஏடா 83-இல் ஒரு ஜெனரிக் எழுதும்போது "ஏதோ ஒரு டைப் வரும்" என்று மட்டும் தலைப்பில் அறிவிக்கலாம். அதற்கு ஸ்ட்ரிங் (எழுத்துச் சரம்) கொடுக்கலாமா? அங்கேயும் ஸ்ட்ரிங் பலாப்பழம்தான், நீளம் முன்கூட்டித் தெரியாது. உடலுக்குள்ளே அந்த டைப்பில் நீளம் சொல்லாமல் ஒரு மாறியை அறிவித்திருந்தால் ஸ்ட்ரிங் கூடாது. அறிவிக்கவில்லை என்றால் கொடுக்கலாம். அதாவது தலைப்பைப் படித்து யாரும் பதில் சொல்ல முடியாது, உள்ளே நுழைந்து பார்த்தால்தான் தெரியும். இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். நூலகம் எழுதியவர் ஒருநாள் உள்ளே ஒரு தற்காலிக மாறியைச் சேர்க்கிறார். தலைப்பில் ஒரு எழுத்தும் மாறவில்லை. ஆனால் ஸ்ட்ரிங் கொடுத்துப் பயன்படுத்திக்கொண்டிருந்த யாரோ ஒருவருடைய நிரல் கம்பைல் ஆகாமல் போகிறது. ஒப்பந்தத்தில் இல்லாத ஷரத்தைக் காட்டி வீட்டைக் காலி செய்யச் சொல்வது மாதிரி.

ஏடா 95-இல் இதைச் சரிசெய்தார்கள். சும்மா டைப் என்று எழுதினால் அளவு தீர்மானமான டைப் மட்டுமே வரலாம். டைப்பின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு சிறிய பெட்டிக் குறி போட்டால் ஸ்ட்ரிங் போன்றவையும் வரலாம்; ஆனால் உடலுக்குள்ளே தொடக்க மதிப்பு கொடுக்காமல் அந்த டைப்பில் மாறி அறிவிக்க முடியாது. இரண்டு பக்கமும் தலைப்பைப் பார்த்தே நடந்துகொள்ளலாம். எழுதுபவர் தவறினால் பிழை எழுதுபவருக்கு விழும், கொடுப்பவர் தவறினால் கொடுப்பவருக்கு.

ரஸ்ட்டின் 'ஸைஸ்டு' என்ற நிபந்தனை இதே ஏற்பாடுதான். நாம் எழுதாவிட்டாலும் ஒவ்வொரு ஜெனரிக் டைப்பின் தலையிலும் அது கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும். மற்ற நிபந்தனைகளை நாம் சேர்க்கிறோம். இதை மட்டும், முன்னால் ஒரு கேள்விக்குறி போட்டு, தளர்த்துகிறோம். தம்பி மாட்டியது இங்கேதான். அவருடைய ஃபங்ஷன் ரெஃபரன்ஸை மட்டுமே தொடுகிறது, அளவு உண்மையில் தேவையே இல்லை. ஆனால் கம்பைலர் உள்ளே எட்டிப் பார்த்து "சரி, தேவையில்லைதான்" என்று தானாக இளகாது, இளகவும் கூடாது. இளகினால் ஏடா 83 கதைதான். கேள்விக்குறியோடு ஸைஸ்டு என்று சேர்க்கச் சொன்னேன். பார்த்தால் பிழைச் செய்தியின் அடியிலேயே அந்த யோசனையும் இருந்தது. நம்மில் எத்தனை பேர் செய்தியைக் கடைசி வரி வரை படிக்கிறோம்? கிருமாம்பாக்கம் வருவதற்குள் ஓடிவிட்டது.

"அப்போ அந்த 18 எங்கண்ணா போச்சு?" என்றார் தம்பி. நல்ல கேள்வி. ரெஃபரன்ஸுக்குள் போயிற்று. 64 பிட் கணினியில் சாதாரண ரெஃபரன்ஸ் 8 பைட். எஸ்டிஆர் ரெஃபரன்ஸ் 16. முதல் எட்டில் முகவரி, அடுத்த எட்டில் நீளம். பழம் எங்கே கிடக்கிறது, எடை என்ன, இரண்டும் எழுதிய சீட்டு. டைப்பே மறைந்துபோகும் 'டின்' வகை ரெஃபரன்ஸ்களும் 16 பைட்தான். அங்கே இரண்டாவது எட்டு ஒரு அட்டவணையைச் சுட்டும். அந்த அட்டவணையில் ஃபங்ஷன்களின் முகவரிகளோடு அளவும் எழுதியிருக்கும். கியூசார்டின் மூன்றாவது எண்ணேதான், இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் ரஸ்ட் தலைகீழ். ட்ரெயிட் (ஒரு டைப்புக்குச் செய்யத் தெரிந்திருக்க வேண்டியவற்றின் பட்டியல்) எழுதும்போது, அந்த டைப்பைக் குறிக்கும் 'செல்ஃப்' மீது ஸைஸ்டு தானாக ஏறாது. ஏறியிருந்தால் எந்த ட்ரெயிட்டையும் டின்னாகப் பயன்படுத்த முடியாமல் போயிருக்கும். காரணம் நியாயம்தான், ஆனாலும் புதிதாக வருபவர்கள் இதில் ஒருமுறையாவது இடறி விழுவார்கள்.

அளவு தெரியுமா தெரியாதா என்பதைத் தாண்டி, "8 பைட்டுக்கு மேல் போகக் கூடாது", "இந்த இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும்" என்றெல்லாம் நிபந்தனை போடுவது அடுத்த கட்டம். சி++-இல் இது கைப்பழக்கம். 2011 முதல் இருக்கும் ஸ்டாட்டிக் அஸெர்ட்டை டெம்ப்ளேட்டுக்குள் ஒரு வரி எழுதினால், நகல் எடுக்கும்போது சரிபார்த்துவிடும். ரஸ்ட் இங்கே முரண்டு பிடிக்கும். ஒரு டைப்பின் பைட்டுகளை அப்படியே இன்னொரு டைப்பாகப் பாவிக்கும் 'ட்ரான்ஸ்ம்யூட்', இரண்டும் ஒரே அளவு என்று தெரிந்தால்தான் விடும். ஜெனரிக்குக்குள் அளவு டி-யைப் பொறுத்தது என்றால், நமக்குப் பட்டப்பகல் போலத் தெரிந்தாலும், இ0512 என்று சொல்லி மறுத்துவிடும். காரணம், அது சரிபார்ப்பது நகல் எடுப்பதற்கு முன்னால்.

நகல் எடுக்கும்போது பார்க்கவும் ரஸ்ட்டில் வழி வந்துவிட்டது. 2024-இல் 1.79 பதிப்பில் நிலைபெற்ற இன்லைன் கான்ஸ்ட்டுக்குள் (கம்பைல் செய்யும்போதே கணக்கிடப்படும் நிரல் துண்டு) ஒரு அஸெர்ட் எழுதலாம். அதில் எனக்கு ஒரு நாள் வீணாயிற்று. சென்சார் அளவீடுகளை வரிசையில் தள்ளும் ஜெனரிக் க்யூ, ஒரு அறைக்கு 8 பைட். டி அதற்குள் அடங்க வேண்டும் என்று அஸெர்ட் போட்டிருந்தேன். புதிதாகச் சேர்த்த ஸ்ட்ரக்டில் (பல மதிப்புகளை ஒன்றாகக் கட்டிய டைப்) சென்சார் எண் 1 பைட், அளவீடு 4, பேட்டரி நிலை 2. விரல்விட்டு எண்ணினால் 7. கார்கோ செக், அதாவது முழு பில்டு போடாமல் பிழை மட்டும் பார்க்கும் ரஸ்ட் கட்டளை, நாள் முழுக்கப் பச்சை காட்டியது. சாயங்காலம் பில்டு போட்டதும் சிவப்பு. ஸ்ட்ரக்ட் சி நிரலுக்கும் போக வேண்டியது என்பதால் சி-யின் அடுக்குமுறையைக் கேட்டு வாங்கியிருந்தேன். அந்த முறையில் 4 பைட் எண் நான்கின் மடங்கான இடத்தில்தான் உட்காரும். எனவே முதல் பைட்டுக்குப் பின் 3 பைட் வெற்றிடம், கடைசியில் இன்னொரு 2 பைட் வெற்றிடம், மொத்தம் 12. வரிசையை 4, 2, 1 என்று மாற்றியதும் 8-இல் அடங்கியது. சி முறையைக் கேட்காமல் இருந்திருந்தால் ரஸ்ட்டே அப்படி அடுக்கிக்கொண்டிருக்கும். கணக்குத் தப்பு என்னுடையது. ஆனால் செக் ஏன் சொல்லவில்லை? செக் நகல் எடுப்பதில்லை. நகல் எடுக்காதவரை அந்த அஸெர்ட் உயிர் பெறாது.

"அப்படியென்றால் அளவையே தலைப்பில் நிபந்தனையாக எழுத விட வேண்டியதுதானே" என்று கேட்கலாம். பாதி காரணம் கணக்கு. 'என்' என்று ஒரு எண் இருந்தால், 'என்' கூட்டல் 1-உம், 1 கூட்டல் 'என்'-உம் சமம் என்று கம்பைலர் தானாக நிரூபிக்க வேண்டும். கணக்கு கொஞ்சம் சிக்கலானால் எல்லை இல்லாமல் போகும். அதனால்தான் 2021-இல் 1.51 பதிப்பில் வந்த கான்ஸ்ட் ஜெனரிக், டைப்புக்குள் எண்ணை அனுமதித்தாலும் அதை வைத்துக் கணக்குப் போட்டு டைப் அமைக்க அனுமதிக்கவில்லை. மறுபாதி காரணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு ஸ்ட்ரக்டின் அளவு பொதுவாக யாரும் கொடுத்த வாக்கு இல்லை. நூலக ஆசிரியர் நாளைக்கு உள்ளே ஒரு தனிப்பட்ட ஃபீல்டு சேர்ப்பார். அது அவருடைய வீட்டு விஷயம். அளவை நிபந்தனையாக்கி நாலு பேர் அதன்மேல் கட்டடம் கட்டிவிட்டால், அவருடைய வீட்டு விஷயம் ஊர் விஷயமாகிவிடும்.

ஸ்விஃப்ட் இதை ஒரு கொள்கையாகவே எடுத்துக்கொண்டது. அங்கே நகல் எடுப்பது வேகத்துக்காகச் செய்யும் உபகாரம் மட்டுமே. எடுக்காத இடத்தில் ஒவ்வொரு டைப்போடும் ஒரு அட்டவணை வரும், அதில் அளவு, அடுத்தடுத்து வைக்க எத்தனை பைட் தள்ள வேண்டும், எப்படிப் பிரதி எடுப்பது என்பதெல்லாம் இருக்கும். ஆப்பிளின் இயங்குதளத்தோடு வரும் நூலகத்தில் ஒரு ஸ்ட்ரக்டுக்கு ஃபீல்டு கூடினாலும் பழைய ஆப்கள் திரும்பக் கம்பைல் ஆகாமலே ஓடுவதற்கு இது ஒரு காரணம். அளவை அவை ஓடும்போது கேட்டுக்கொள்கின்றன. இனி மாறாது என்று ஆசிரியர் வாக்குக் கொடுக்க விரும்பினால் 'ஃப்ரோசன்' என்று குறித்துவிடலாம். வாக்கு கொடுத்தவரையே அதற்குப் பொறுப்பாக்கும் இந்த முறையின் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு.

முந்திரி, பலா என்ற இரண்டுக்கும் நடுவில் இப்போது மூன்றாவது ஒரு சரக்கு வந்திருக்கிறது. ஆர்ம் சிப்களில் பல எண்களை ஒரே வீச்சில் கையாளும் எஸ்விஇ வெக்டர்களின் அகலம் 128 பிட்டிலிருந்து 2048 வரை பல அளவுகளில் இருக்கலாம், சிப்பைச் செய்பவர் முடிவு செய்வார். ஒரு மண்டிக்குள் எல்லாப் பெட்டியும் ஒரே அளவு, ஆனால் மண்டிக்கு மண்டி அளவு வேறு என்கிற மாதிரி. பலா போல ஆளுக்கொரு அளவு இல்லை என்பதால் 16 பைட் ரெஃபரன்ஸ் வீண். முந்திரி போல முன்கூட்டித் தெரியாது என்பதால் ஸைஸ்டும் இல்லை. சி மொழியில் இதற்கு அளவற்ற டைப் என்றே பெயர் வைத்து, ஸ்ட்ரக்டில் உறுப்பாக்கக் கூடாது, அரே கூடாது, ஸைஸ்ஆஃப் (எத்தனை பைட் என்று கேட்பது) கேட்கக் கூடாது என்று தள்ளி வைத்திருக்கிறார்கள். ரஸ்ட்டில் ஸைஸ்டு என்ற ஒற்றை நிபந்தனையைப் பல படிகளாகப் பிரிக்கும் வேலை நடக்கிறது. அதுவரை பொறுமை இல்லாதவர்களுக்கு ஜிசிசியில் ஒரு குறுக்குவழி இருக்கிறது: கம்பைல் செய்யும்போதே அகலம் 256 பிட் என்று சொல்லிவிடலாம். டைப்பிலும் அதே அகலத்தைக் குறித்துவிட்டால் ஸைஸ்ஆஃப் 32 என்று பதில் சொல்லும், ஸ்ட்ரக்டுக்குள்ளும் போய் உட்காரும். அந்த பைனரியை 512 பிட் சிப்பில் ஓட்டினால் என்ன ஆகும் என்று தம்பி கேட்டார். சரியாக ஓடும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை என்றேன். அரியாங்குப்பம் பாலம் வந்துவிட்டது, லேப்டாப்பை மூடினார்.